மாற்றுத்திறனாளிகளின் தற்சார்பும் பணி நிலைப்பும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இட ஒதுக்கீட்டு விழுக்காட்டில் தொடங்கி அதிலேயே முடிகிறது. ஒதுக்கீடு நீண்ட போராட்டத்தின் பயன். அதைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒதுக்கீடு காப்பது பணியின் நுழைவாயிலை மட்டுமே. உள்ளே வந்தவர் நாள்தோறும் எப்படி அலுவலகம் வந்து சேர்கிறார், எதைக் கொண்டு வேலை செய்கிறார், பெற்ற ஊதியத்தை யாருடைய முடிவுப்படி செலவிடுகிறார், மூன்றாம் ஆண்டிலும் அதே பணியில் இருக்கிறாரா ஆகிய வினாக்கள் ஒதுக்கீட்டு ஆணையின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றையே இக்கட்டுரை ஆய்வுப் பொருளாகக் கொள்கிறது. ஒருவரைப் பணியில் அமர்த்துவதும் பணியில் நிலைக்கச் செய்வதும் இருவேறு செயல்கள். இரண்டாவதற்கு நம் சிந்தனையிலும் நிர்வாகத்திலும் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. இதுவே நாம் நிறுவ முயலும் கருத்து.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடிப் பேரை மாற்றுத்திறனாளிகளாகப் பதிவு செய்தது. அவர்களுள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர் தமிழ்நாட்டினர். நாடு முழுவதிலும் அவர்களில் வேலை செய்வோர் நூற்றுக்கு 36 பேர். ஆண்களில் இது 47, பெண்களில் 23. ஆண்டில் ஆறு மாதத்திற்கும் குறைவாகவே வேலை கிடைத்தவர்களும் இந்த 36இல் அடக்கம். மேலும், கணக்கெடுப்பு எட்டு வகைக் குறைபாடுகளையே கேட்டறிந்தது. இன்றைய சட்டமோ 21 வகைகளை ஏற்கிறது. ஆகவே சட்டம் கருதும் மக்கள் தொகுதி இதைவிடப் பெரியது.

2. வரையறைகள்

குறைபாடு என்பது உடல், புலன், அறிவு, மனம் ஆகியவற்றில் நெடுங்காலம் நீடிக்கும் ஒரு நிலை. இயலாமை என்பது அக்குறைபாடு சூழலின் தடைகளோடு மோதும்போது விளைவது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தன் வரையறையை இந்த மோதலின் மீதே அமைத்திருக்கிறது. கால் செயலிழந்தது குறைபாடு. மாடிப்படி மட்டுமே உள்ள வங்கிக் கிளைக்குள் நுழைய முடியாதது இயலாமை. முதலாவது மருத்துவத்தின் துறை, இரண்டாவது பொறியியல், நிர்வாகம், சட்டம் ஆகியவற்றின் துறை. இந்த வேறுபாட்டைக் கைவிட்டால் பின்வரும் வாதம் எதுவும் நிற்காது.

தற்சார்பு என்பதை இருநிலைகளில் பிரித்தறிய வேண்டும். தன் வேலைகளைத் தன் கையாலேயே செய்துகொள்ளுதல் செயல்நிலைத் தற்சார்பு. தன் வாழ்வுக்குரிய முடிவுகளைத் தானே எடுத்து, அவற்றை நிறைவேற்ற வேண்டிய உதவியைத் தன் ஆணையில் வைத்திருத்தல் முடிவுநிலைத் தற்சார்பு. மறுவாழ்வுப் பணியின் பழைய மரபு முதலாவதையே இலக்காகக் கொண்டது. தண்டுவடம் காயமுற்ற ஒருவர் யார் துணையும் இல்லாமல் உடுத்திக்கொள்ள இரண்டு மணி நேரம் போராடுகிறார் என வைத்துக்கொள்வோம். உதவியாளர் ஒருவர் இருந்தால் கால் மணி நேரத்தில் உடுத்திக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். முதல் நிலையில் அவர் செயலில் தற்சார்பு பெற்று வாழ்வை இழக்கிறார். இரண்டாம் நிலையே நாம் இங்குத் தற்சார்பு என்று குறிப்பது.

இக்கருத்துக்கு உருவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான எட் ராபர்ட்ஸ். 14 வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். இரவுகளை இரும்பு நுரையீரல் எனப்பட்ட சுவாசப் பொறிக்குள் கழித்தவர். 1962இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர முற்பட்டபோது, இவர் ஒருநாளும் வேலை செய்யப் போவதில்லை என்று கூறி மாநில மறுவாழ்வுத் துறை நிதியுதவியை மறுத்தது. செய்தித்தாள்களில் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே அம்முடிவு மாறியது. 1972இல் பெர்க்லியில் தற்சார்பு வாழ்வு மையம் உருவானது. மாற்றுத்திறனாளிகளே நடத்துவது, மாற்றுத்திறனாளிகளே உதவியாளரைத் தேர்வதும் நீக்குவதும் அதன் நெறி. சில ஆண்டுகளில் அதே மாநில மறுவாழ்வுத் துறைக்கு ராபர்ட்ஸ் தலைவரானார். வேலைக்கு உதவாதவர் என்ற தீர்ப்பு எவ்வளவு பிழைபடக்கூடியது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று நமக்குத் தெரிந்து வேறில்லை.

ஐக்கிய நாடுகள் பேரவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு சமூகத்தில் தற்சார்பாக வாழும் உரிமையையும், 27ஆம் பிரிவு பணிபுரியும் உரிமையையும் கூறுகின்றன. இந்தியா 2007இல் அதை உறுதி செய்தது.

3. சார்பின் வகைகள்

சார்பே இல்லாத மனிதர் எவருமில்லை. சார்பின் வகை மட்டுமே ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதை ஆள்சார்பு, கருவிச்சார்பு, பொதுவசதிச்சார்பு என மூன்றாகப் பகுக்கலாம். தாயோ தம்பியோ தூக்கிச் சென்றால்தான் வெளியே போக முடியும் என்பது ஆள்சார்பு. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை நம்பியிருப்பது கருவிச்சார்பு. தாழ்தளப் பேருந்தை நம்பியிருப்பது பொதுவசதிச்சார்பு. இது எல்லாப் பயணிகளுக்கும் உரிய சார்பு, ஆதலால் யாரும் இதைச் சார்பு என்று சொல்வதில்லை.

மூன்றாவது வகை வளர வளர முதல் வகை சுருங்கும் என்பது நம் துணிபு. சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024இல் புதிய தாழ்தளப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. நீதிமன்றத்தில் மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் வழக்காடிய பின்னரே அவை சாலைக்கு வந்தன. அப்பேருந்து ஓடும் தடத்தில் குடியிருப்பவருக்கு அண்ணனின் ஓய்வு நேரத்தைப் பார்த்துத் தன் வேலை நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. பேருந்தோடு நடைபாதையும் சரியாக இருந்தால்தான் இப்பயன் முழுமை பெறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆள்சார்பிலும் இரு உட்பிரிவுகள் உண்டு: கேட்டுப் பெறும் உதவி, அமர்த்திப் பெறும் உதவி. நம் குடும்பங்களில் நிலவுவது பெரும்பாலும் முதலாவது. அன்பு நிறைந்தது, ஆயினும் அதன் விலையாக முடிவெடுக்கும் உரிமை கைமாறிவிடுகிறது. மாதந்தோறும் ஊதியம் வாங்கும் பெண்ணின் வங்கி அட்டை வீட்டிலுள்ள ஆண் ஒருவரிடம் இருப்பதைக் களத்தில் பணியாற்றுவோர் அறிவர். அவர் வேலைக்குப் போகிறார், ஆனால் தற்சார்பு பெறவில்லை. மிகுதுணை தேவைப்படுவோர் அதற்கு விண்ணப்பிக்கும் உரிமையை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு தருகிறது. பராமரிப்பாளர் படியைப் பற்றி 24ஆம் பிரிவு பேசுகிறது. உதவியாளருக்குரிய பணம் உதவி பெறுபவரின் கைவழியே செல்லும்படி அமைந்தால்தான் இப்பிரிவுகள் தற்சார்புக்கு வழிசெய்யும்.

4. பணி அமைப்பின் வகைகள்

மாற்றுத்திறனாளிகள் பணிபுரியும் அமைப்புகளை நான்காக வகுப்போம்.

காப்பகப் பணி என்பது மாற்றுத்திறனாளிகளை மட்டும் ஓரிடத்தில் திரட்டி, மெழுகுவர்த்தி, காகித உறை, கைவினைப் பொருள் போன்றவற்றைச் செய்விப்பது. பாதுகாப்பும் தோழமையும் இதன் நன்மைகள். ஊதியம் என்ற பெயரில் ஊக்கத்தொகை மட்டுமே கிடைப்பதும், அங்கிருந்து வெளிச்சந்தைக்குச் செல்வோர் அரிதாக இருப்பதும் இதன் குறைகள்.

சுயதொழில் இரண்டாவது. இதில் நாம் கற்க வேண்டிய பாடம் பொதுத் தொலைபேசிக் கூண்டுகளின் வரலாற்றில் இருக்கிறது. கால் ஊனமுற்றோருக்கும் பார்வையற்றோருக்கும் ஏற்ற தொழில் என்று கருதி எஸ்.டி.டி. பூத்துகள் ஊர்தோறும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. பல குடும்பங்கள் அதில் நிமிர்ந்தன. கைபேசி பரவியதும் சில ஆண்டுகளுக்குள் அத்தொழிலே இல்லாமல் போயிற்று. பார்வையற்றோருக்கு நாற்காலி பின்னுதல், கால் இயலாதோருக்குத் தையல் என்று குறைபாட்டுக்கு ஒரு தொழிலை முடிச்சுப் போடும் வழக்கம் முழுவதிலும் இந்த இடர் உண்டு. தொழில் சாயும்போது ஒரு தொகுதி மக்களே சேர்ந்து சாய்கிறார்கள்.

மூன்றாவது ஒதுக்கீட்டுப் பணி. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 3 விழுக்காடு தந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக்கியது. பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவிக் குறைபாட்டுக்கு 1, இயக்கக் குறைபாட்டுக்கு 1. புற உலகச் சிந்தனைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று பெற்றிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என அடையாளம் காணப்பட்ட பணியிடங்களைக் கொண்டு மட்டும் கணக்கிடாமல், பணித்தொகுதியின் மொத்தக் காலியிடங்களைக் கொண்டே ஒதுக்கீட்டைக் கணக்கிட வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2013இல் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது.

இனி, அடையாளம் காணுதல் என்ற செயலை உற்றுநோக்க வேண்டும். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட பட்டியலில் 3,566 பணியிடங்கள் உள்ளன. ஒவ்வொரு பணிக்கும் உட்காருதல், நிற்றல், நடத்தல், தூக்குதல், பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், விரல்களால் கையாளுதல் எனத் தேவைப்படும் செயற்கூறுகள் குறிக்கப்பட்டுள்ளன. முறை நல்லது, ஆனால் அதன் அடியில் ஒரு பிழை பதுங்கியிருக்கிறது. ஒரு பணி வேண்டுவது பயனையா, அப்பயனை அடையும் வழக்கமான வழியையா என்பதை இம்முறை பிரித்துக் கேட்பதில்லை. கோப்பிலுள்ள செய்தியை அறிவதே பணியின் தேவை. கண்ணால் பார்ப்பது அதற்கு ஒரு வழி. திரை வாசிப்பான் மென்பொருள் இன்னொரு வழி. சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்றவர் ஆனார். அதற்கு முன் அப்பணி அத்தகையோருக்கு உரியதாகக் கருதப்படவில்லை. பணி மாறவில்லை, பணியைப் பற்றிய கணிப்பே மாறியது. 2025 மார்ச்சில், பார்வையற்றோரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதியை உச்ச நீதிமன்றம் நீக்கியதும் இந்த வழியிலேயே.

நான்காவதாகிய துணைநிலைப் பணி தனித்து விளக்க வேண்டியது; அதை 7ஆம் பகுதியில் காண்போம்.

5. தடைகளின் வரிசை

தடைகள் தனித்தனியே நிற்பதில்லை; ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சான்றிதழ், கல்வி, பயிற்சி, பயணம், நேர்காணல், பணியிடம் என்ற வரிசையில் எங்கேனும் ஒரு கண்ணி அறுந்தால் முன்னவை அனைத்தும் வீண். பயிற்சிக்குச் செலவிடப்பட்ட அரசுப் பணம் பேருந்துப் படிக்கட்டில் பயனற்றுப் போவதை நிர்வாகம் தன் கணக்கில் எழுதுவதில்லை, ஏனெனில் பயிற்சி ஒரு துறையிடமும் பேருந்து வேறொரு துறையிடமும் இருக்கின்றன.

அதிகம் பேசப்படாத இரு காரணங்களை மட்டும் இங்கு எடுத்துரைப்போம். முதலாவது கழிப்பறை. சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லாத அலுவலகத்தில் பணிபுரியும் பெண் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார். சிறுநீரகத் தொற்று, அடிக்கடி விடுப்பு, இறுதியில் பணி விலகல் என்று அது முடிகிறது. விலகல் கடிதத்தில் சொந்தக் காரணம் என்றே எழுதப்படுகிறது. ஆண்களில் 47, பெண்களில் 23 என்ற இடைவெளிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இதுவும் ஒன்றென நாம் உறுதியாகக் கருதுகிறோம்.

இரண்டாவது உதவித்தொகை இழப்பச்சம். தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களில் கடுமையான குறைபாடு உடையோருக்கு உரியது. தொகை சிறிது, ஆனால் உறுதியானது. தனியார் வேலையின் ஊதியம் பெரிது, ஆனால் நாளை இருக்குமா என்பது தெரியாது. வேலை போனபின் உதவித்தொகையை மீட்க மீண்டும் முதலிலிருந்து மனு எழுதி அலைய வேண்டும். இந்நிலையில் வேலையை மறுக்கும் பெற்றோரை அறியாதவர் என்று சொல்வது நேர்மையன்று. அவர்கள் சரியாகவே கணக்கிடுகிறார்கள். வேலை இழந்தால் உதவித்தொகை தானே மீளும் என்ற உறுதியே இதற்கு மருந்து.

6. ஏற்பமைவு

நியாயமான ஏற்பமைவு என்பது, ஒரு குறிப்பிட்ட மனிதர் மற்றவர்களோடு சமமாகப் பணிபுரியும்பொருட்டு, அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல் செய்யப்படும் தேவையான மாற்றம். இதனை அணுகல்வசதியிலிருந்து பிரித்தறிய வேண்டும். சாய்தளமும் மின்தூக்கியும் பிரெய்ல் பொறித்த பலகையும் யார் வருவார் என்று தெரியுமுன்பே எல்லோருக்குமாக அமைக்கப்படுபவை, அவை அணுகல்வசதி. வந்தவர் இன்னார், அவருக்கு வேண்டியது இது என்று கேட்டறிந்து செய்யப்படுவது ஏற்பமைவு. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தது. 2021இல் விகாஷ் குமார் வழக்கிலோ, எழுதும்போது கை இறுகும் நிலையுள்ள தேர்வரொருவருக்குப் பதிலெழுதுநரை மறுத்தது தவறென்று கூறி, ஏற்பமைவு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தீர்மானிக்கப்பட வேண்டியது என்றது.

ஏற்பமைவை நேரம், முறை, கருவி, இடம், கடமைப் பகிர்வு என ஐந்தாக வகுக்கலாம். மனநோய்க்கு மருந்து உண்பவருக்குக் காலையில் மயக்கம் நீடிக்கலாம். அவர் பணி பத்தரை மணிக்குத் தொடங்கி மாலையில் நீளட்டும். இது நேர ஏற்பமைவு. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு வேலையின் படிகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுவது முறை ஏற்பமைவு. காது கேளாதவர் நிற்கும் இயந்திரத்தில் மணியோடு ஒரு விளக்கையும் பொருத்துவது கருவி ஏற்பமைவு. தசைச்சிதைவு உள்ள கணக்கருக்கு மேசையின் உயரத்தை மாற்றுவது இட ஏற்பமைவு. பத்துக் கடமைகளில் ஒன்று மட்டும் படியேறுவதாக இருந்தால் அதை உடன்பணியாளருக்குத் தந்து, அவருடைய கடமை ஒன்றை இவர் ஏற்பது கடமைப் பகிர்வு. இவற்றுள் பலவற்றுக்குப் பணமே வேண்டியதில்லை. கேட்டறியும் பழக்கம் வேண்டும்.

இதற்குச் சட்டம் எழுதப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வேலூரில் ஒரு முன்மாதிரி இருந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். நின்றுகொண்டு செய்யும் அறுவை சிகிச்சைகள் இனி இயலா. தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்று மருத்துவர் பால் பிராண்ட் அவருக்கு வழிகாட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியிலிருந்தபடி அதைக் கற்றுத் தேர்ந்தார். பின் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அவருக்குத் தரப்பட்டதைச் சலுகை என்று சொல்ல முடியுமா? அறுவை சிகிச்சையின் தரத்தில் ஒரு நூலளவும் தளர்த்தப்படவில்லை. மருத்துவரின் உடல்நிலைக்குப் பொருந்தும் கடமை தேர்ந்தெடுக்கப்பட்டது, அவ்வளவே. ஏற்பமைவு தரத்தைத் தாழ்த்துகிறது என்ற எண்ணத்துக்கு இந்த ஒரு வரலாறே போதிய மறுப்பு.

7. துணைநிலைப் பணி

துணைநிலைப் பணியாவது, வெளிச்சந்தையில் மற்றவர்க்குரிய ஊதியத்தோடு கூடிய வேலையில் ஒருவரை அமர்த்தி, வேலை செய்யும் இடத்திலேயே அவருக்குப் பயிற்சியும் துணையும் அளிப்பது. பழைய முறை, தகுதி வந்தபின் வேலை என்று சொல்லிப் பலரை ஆண்டுக்கணக்கில் பயிற்சிக்கூடத்திலேயே வைத்திருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்குக் கொண்டுசெல்வது கடினம். பயிற்சிக்கூடத்து மேசையில் கற்றது உணவகத்துச் சமையற்கட்டில் உதவுவதில்லை. ஆகவே வேலை முதலில், பயிற்சி அங்கேயே என்ற வரிசைமாற்றம் 1980களில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. கடும் மனநோய் உடையோருக்கு இதே கருத்தை ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் தனிநபர் பணியமர்த்தலும் துணையும் என்ற முறையாக வளர்த்தனர். வேலை வேண்டும் என்று விரும்புவதொன்றே அதில் நுழைவுத் தகுதி.

இதன் நிலைகள் ஆறு: விருப்பமறிதல், பணி தேடல், பணிக்கூறாய்வு, பணியிடப் பயிற்சி, துணை விலகல், தொடர்தொடர்பு. இவற்றுள் மிக நுண்ணியது துணை விலகல். பணிப் பயிற்றுநர் விரைந்து விலகினால் பணியாளர் தடுமாறுவார். விலகாமலே இருந்தால் உடன்பணியாளர்கள் அவரோடு நேரே பேசக் கற்கமாட்டார்கள். தேநீர் இடைவேளையில் பக்கத்திலிருப்பவர் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் நாளையே விலகலுக்குரிய நாளாகக் கொள்ளலாம்.

8. பணி நிலைப்பு

பணியிலிருக்கும்போது குறைபாடு நேர்ந்தவரை அரசு நிறுவனம் நீக்கவோ தரமிறக்கவோ கூடாது. தேவையானால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதுவும் இல்லையெனில் உபரிப் பணியிடம் உருவாக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இக்காப்பு இருந்தது. கால் துண்டிக்கப்பட்டதால் பணிநீக்கம் செய்யப்பட்ட காவலர் குணால் சிங்கின் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதை நிலைநாட்டியது. இக்காப்பு தனியார் நிறுவனத்தைத் தொடாது என்பது பெருங்குறை. 20 பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ அமர்த்தும் ஜெர்மானிய நிறுவனம் தன் பணியிடங்களில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்குத் தராவிடில் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். அந்நிதி மாற்றுத்திறனாளிகளின் பணி வாழ்வுக்குத் துணைசெய்யவே செலவாகிறது. நம் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதே 5 விழுக்காட்டை ஊக்கத்தொகையின் வழியே எதிர்பார்க்கிறது. சிறு முதலாளி மின்தூக்கிச் செலவுக்கு அஞ்சுவது இயல்பு; அச்சம் நீங்க ஒரு பொதுநிதி வேண்டும். அந்நிதி பெரிய நிறுவனங்களின் ஈட்டுத்தொகையிலிருந்து வருவதே முறை என்பது நம் கருத்து.

நிலைப்பைப் பற்றிய அறிவு மாற்றுத்திறனாளிகளிடமே மிகுதி. தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். பின்னர் அவரோடு இணைந்து நடத்திவரும் எஸ். சங்கரராமன் தசைச்சிதைவு கொண்ட பட்டயக் கணக்காளர். பெர்க்லியின் நெறியை ஒத்த ஒன்று தென்காசிச் சீமையில் தானே வேரூன்றியிருக்கிறது. திட்டம் வகுக்கும் குழுக்களில் இத்தகையோர் கருத்துச் சொல்ல அழைக்கப்படுவது போதாது. முடிவெடுக்கும் இடத்தில் அமர்த்தப்பட வேண்டும்.

சட்டத்தின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். அரசு நிறுவனம் குறைதீர் அலுவலரை அமர்த்த வேண்டும். இவற்றோடு ஒரு கணக்கும் சேர வேண்டும் என்று வேண்டுகிறோம். எத்தனை பேர் நியமிக்கப்பட்டனர் என்பதை அரசு ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அவர்களுள் எத்தனை பேர் மூன்றாண்டுக்குப் பிறகும் பணியில் இருக்கிறார்கள், விலகியோர் எதனால் விலகினர் என்பதை மாவட்டந்தோறும், ஆண் பெண் எனப் பிரித்து, குறைபாட்டு வகையோடு வெளியிடட்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்களிடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும்.